களை என்று உழுத நீலம்

இதனால் டெக்சாஸ் வாழ் சகல ஜீவராசிகளுக்கும் அறிவிப்பது யாதெனில், வெள்ளை மணல் ஊரான கோப்ரிவா இவ்வாண்டு 'நீலப்பூ நகரம்' ஆகிறது. அறிவித்தவர் விழாக் குழுத் தலைவி நடீன் ஹ்ருஷ்கா. நடுவர் இன்னும் வரவில்லை என்பது சில்லறை விஷயம். இந்த விருதுக்குப் பதினோரு வருடம் விண்ணப்பித்துத் தோற்றாயிற்று; இம்முறையும் தோற்றால் தலைவி நாற்காலி போய்விடும்.

போன நவம்பரில் விழா மைதானத்தில் தரையோடு ஒட்டிய இலைக்கொத்துகள் மண்டிக்கிடந்தன.

"ஆல்வின், டிராக்டரை எடுத்து அந்தக் களையை உழுதுடுங்க."

"ஏம்மா, அது நம்ம ஊரு நீலப்பூ, புளூபானெட். வருஷா வருஷம் தானா முளைக்குது," என்றார் கணவர்.

"அதுவா பூ? சோகை பிடிச்ச மாதிரி வெளுத்துப்போய்! போஸ்ட்கார்டுல இருக்கிற மாதிரி கொழுகொழுன்னு வேணும். நாலு மூட்டை விதை வாங்கியிருக்கேன்."

"மூட்டை மேல கரிசல் மண்ணுக்குன்னு போட்டிருக்கே?"

"விதைக்குப் படிக்கத் தெரியுமா? உழுங்க."

உழுதார். விதைத்தார்கள். முளைத்த சொற்பமும் மணலில் மஞ்சளாகிச் சுருண்டது. ஏப்ரலில் பாண்டு வாத்தியமும், பழம் வைத்த கொலாச்சி ரொட்டியும், படமெடுக்கக் குழந்தைகளோடு வந்த தாய்மார்களும் தயார். நடுவே உட்கார்ந்து படமெடுக்கப் பூதான் இல்லை.

நடுவர் ஒபீலியா டிராயர் சேற்று பூட்ஸோடு இறங்கினார். மைதானத்தைப் பார்த்தார்.

"பூ எங்கம்மா?"

"உயர்ந்த ரகம் மேடம். கொஞ்சம் லேட்டா பூக்கும்."

"உயர்ந்த ரகம் ரோட்டோரமெல்லாம் கிடக்கு. நான் வந்தது மணல்ல மட்டும் வளர்ற வெளுத்த ரகத்துக்கு. போன வருஷம் இந்த வழியா போனப்ப இதே மைதானம் முழுக்க இருந்துச்சே! அதைப் பார்த்துத்தானே உங்க பேரைக் குறிச்சு வெச்சேன்?"

நன்றியுரைத் தாள் நடீனின் கையிலிருந்து நழுவி மணலில் விழுந்தது. காதுக்குள் டிராக்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கணவரைப் பார்த்தாள். அவர் தன் தொப்பியின் உட்புறத்தை வெகு கவனமாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"யாரு... யாரு அதை அழிச்சது?" என்றார் நடுவர், இரு கைகளையும் உயர்த்தி.

பாண்டுக்காரர்கள் அதையே சைகை என்று எடுத்துக்கொண்டு வெற்றி கீதத்தை முழங்கினார்கள்.

விருது பக்கத்து ஊர்ப் பன்றிப் பண்ணைக்குப் போயிற்று. அங்கே வெளுத்த நீலம் மண்டிக்கிடந்தது; யாரும் எதையும் நடவில்லை.