பயணம் சொன்ன அன்று ஆயில் மாற்றுவதா?

முப்பத்தொரு வீட்டில் பயணம் சொல்லிவிட்டு வந்து பார்த்தால், என் வீட்டுக்காரர் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடக்கிறார். கால் இரண்டும்தான் வெளியே தெரிகிறது. பக்கத்தில் நான் பரோட்டாவுக்கு மாவு பிசையும் பெரிய பேசின். அதில் கறுகறுவென்று எஞ்சின் ஆயில் இறங்கிக்கொண்டிருக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கால்களைப் பிடித்துத் தரதரவென்று வெளியே இழுத்திருப்பேன். தெருவில் ஆள் நடமாட்டம் இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பயணம் சொல்வதென்றால் சும்மா இல்லை. எங்கள் திருமலைராயன்பட்டினத்தில் தூரமாகக் கிளம்புகிறவர்கள் சொந்தக்காரர் வீடு ஒன்று விடாமல் ஏறி இறங்க வேண்டும். பயணம் சொல்ல வந்தேன், துவா செய்யுங்கள் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒரு வீடு விட்டுப்போனால் அடுத்த கல்யாணம் வரைக்கும் குத்திக் காட்டுவார்கள். சொல்லியாகிவிட்டது என்றால் அன்றைக்கே கிளம்பிவிட வேண்டும். மறுநாள் கடைத்தெருவில் முகத்தைக் காட்டினால், என்ன, விசா வரலையா என்று கேட்டுச் சிரிப்பார்கள்.

அவர் சவுதிக்குப் போய்வந்த இருபத்தேழு வருஷத்தில் பதினான்கு தடவை பயணம் சொன்னவர். நான் சொன்னது இன்றைக்குத்தான், நாற்பத்தொன்பது வயதில். காலையிலிருந்து நடந்து கால் வீங்கிவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு வீட்டிலும் "எங்கே போறீங்க?" என்று கேட்கும்போது "மலைக்கு" என்று சொன்னேன் பாருங்கள், அந்தச் சுகம் எனக்குத்தான் தெரியும். முதலில் ஊட்டி, அங்கிருந்து மைசூர், அப்புறம் வண்டி போகிற பக்கம். நான் மலையைச் செல்போனில்தான் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் வயலும் கடலும்தான், மேட்டு நிலம் என்று ஒன்று கண்ணில் படாது.

"பத்தே நிமிஷம் பத்ரு" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

இந்தப் பத்து நிமிஷத்தைத்தான் பதினைந்து நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். போன வருஷம் ஒரேயடியாக ஊருக்கு வந்ததிலிருந்து மனிதருக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியவில்லை. ஒழுகாத குழாயைக் கழற்றி மாட்டுவார். நன்றாக எரிகிற பல்பைத் துடைப்பார். அப்படி இருந்தவர்தான் ஒரு நாள் பழைய ஸ்கூல் வேன் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். சீட்டையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கட்டில் அடித்தார். அடுப்பு வைத்தார், தண்ணீர்த் தொட்டி வைத்தார், மேலே ஃபேன் மாட்டினார். எட்டு மாசத்தில் அது ஒரு வீடாகவே ஆகிவிட்டது. ஜன்னலுக்கு நான் திரை தைத்துக் கொடுத்தேன்.

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். அவர் பிறந்த வீடு அவருடைய தங்கை நஜீபாவுக்குப் போனது. அவர் மாப்பிள்ளையாக வந்து ஏறிய இந்த வீடு என் உம்மா எனக்குக் கொடுத்தது. மகள் அஃப்ராவுக்கு நிக்காஹ் முடிந்ததும் அதை அவள் பேருக்கு எழுதிவிட்டோம். மருமகன் தௌஃபீக் எங்கள் அறைக்கு வந்தார், நாங்கள் கூடத்துக்கு வந்தோம். இவர் அதற்கு முகம் சுளித்தவர் இல்லை. வேனை எனக்காகத்தான் செய்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன், ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லியும் வைத்தேன்.

வண்டி தயாரானதும்தான் இழுபறி ஆரம்பித்தது. ஒரு நாள் பேட்டரி சரியில்லை என்றார். இன்னொரு நாள் டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். மழைக்காலம் வந்துவிட்டால் மலைப்பாதையில் போக முடியாது என்று நான் சண்டை போட்டு, இன்றைக்குச் சாயங்காலம் அசர் தொழுதுவிட்டுக் கிளம்புவதாக முடிவாயிற்று. டீசல்கூட நேற்றே நிரப்பியாகிவிட்டது, வாஞ்சூர் எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் விலை கூடுதல் என்று. அப்படியிருக்க, இன்றைக்குப் போய் ஆயில் மாற்றுகிறார். காரைக்காலில் மெக்கானிக்கே இல்லையா என்று கேட்டேன். அடுத்தவன் கை வைத்தால் மனசு ஒப்பாது என்றார்.

அதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. சவுதியில், தம்மாமில் அவருக்கு அதுதான் வேலை, அது மட்டும்தான் வேலை. வண்டியை மேலே நிறுத்துவார்கள், இவர் கீழே குழிக்குள் நிற்பார். பழைய ஆயிலை இறக்குவது, ஃபில்டரைக் கழற்றுவது, புதியதை மாட்டுவது, அடுத்த வண்டி. ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து வண்டி பார்ப்பார். ஜெகபர் சாதிக் கை வைத்த வண்டி ஒரு சொட்டு ஒழுகாது என்று அங்கே அவருக்குப் பெயர்.

நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். பையை எடுத்து வண்டியில் வைத்தேன், போர்வையை மறந்துவிட்டேனென்று திரும்ப ஓடினேன். அஃப்ரா சோறு சாப்பிடச் சொன்னாள். வழியில் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்றேன். அவர் அடியில் போல்ட்டை முடுக்கிவிட்டு, புது ஃபில்டரை மாட்டிவிட்டு, மேலே வந்து எட்டு லிட்டர் ஆயிலை நிதானமாக ஊற்றினார். அந்த நிதானத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு வழியாகச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் உறுமியது. பத்து எண்ணுவதற்குள் வண்டிக்கு அடியிலிருந்து புது ஆயில் குபுகுபுவென்று கொட்டி மண்ணில் ஓடியது. சட்டென்று அணைத்தார். இறங்கிக் குனிந்து பார்த்தார்.

ஃபில்டர் உட்காரும் பாகமே போய்விட்டது, இன்றைக்கு ஆகாது என்றார். சாமான் வெளியூரிலிருந்து வர வேண்டுமாம், இரண்டு மூன்று வாரம் ஆகுமாம். குரலில் ஒரு பதற்றம் இல்லை.

இரண்டு மூன்று வாரத்தில் ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும். அப்புறம் தை. அப்புறம் அஃப்ராவுக்கு ஏதாவது விசேஷம் வரும், பேரப்பிள்ளை வரும், நான் எங்கே கிளம்புவது? முப்பத்தொரு வீட்டிலும் என்னைப் பார்த்துச் சிரிக்கப்போகிறார்கள் என்பதுகூட அப்போது பெரிதாகப் படவில்லை. மலை கையைவிட்டுப் போகிறதே என்றுதான் இருந்தது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நானே வண்டிக்கு அடியில் நுழைந்துவிட்டேன்.

"ஏய், என்ன பண்றே, வெளியே வா" என்று பதறினார். பதற்றம் அப்போதுதான் வந்தது.

எனக்கு எஞ்சினைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் ஆயில் வழிகிற இடத்தில் ஃபில்டருக்கு மேலே கறுப்பு விளிம்பு ஒன்றுக்கு இரண்டாகத் தெரிந்தது. முப்பது வருஷமாகக் குக்கரோடு மல்லுக்கட்டுகிறேன். வாஷர் மேல் வாஷர் போட்டால் மூடி உட்காராது, ஆவி பக்கத்தில்தான் பீறிடும். இதைக் கழற்றுங்கள் என்றேன். வேண்டாம் என்று என்னென்னவோ சொன்னார். கழற்றாமல் நான் எழுந்திருக்க மாட்டேன் என்றேன். கழற்றினார். எஞ்சினோடு ஒட்டிக்கொண்டிருந்த பழைய ஃபில்டரின் ரப்பர் வளையத்தை நகத்தால் நெம்பினேன். கையோடு வந்துவிட்டது.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவுதானா, இதற்கா மூன்று வாரம் என்று வெளியே வந்து அவரிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. கை தவறிச் செய்தவர்கள் இப்படி நிற்க மாட்டார்கள், மாட்டிக்கொண்டவர்கள்தான் நிற்பார்கள்.

ஒரு நாளைக்கு இருபது வண்டி. இருபத்தேழு வருஷம்.

"தெரிஞ்சேதான் விட்டீங்களா மச்சான்?"

"ஆமா" என்றார்.

என் வாயில் அப்போது என்னென்ன வந்தது என்று எழுத முடியாது. நாற்பத்தொன்பது வயதுவரைக்கும் இந்தத் தெருவிலேயே கிடந்தேன், உங்களை அனுப்பிவிட்டு அனுப்பிவிட்டு வாசலில் நின்றேன், எனக்கென்று ஒன்று கேட்டதற்கு இதுதானா என்றேன். துரோகி என்றும் சொன்னேன். வளையத்தை அவர் மேலேயே விட்டெறிந்தேன். அவர் பழைய துணியால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கெளம்பற நாளு வந்தா எனக்குப் பயம் புடிச்சுக்கும் பத்ரு. பதினாலு தடவையும் அப்படித்தான். இந்தத் தடவ இருக்காதுன்னு நெனச்சேன். நேத்து நீ பையக் கட்டுனதும் வந்துருச்சு."

"அப்புறம் எதுக்கு இந்த வண்டியச் செஞ்சீங்க?"

"வாசல்ல நின்னா அதுல படுத்துக்கலாம்னுதான். ஓட்டணும்னு நெனக்கல. வூடு புள்ளைக்குப் போயிருச்சு, எனக்கு ஒரு எடம் வேணும்னு எப்படிக் கேக்கறது? அதுக்குள்ள நீ மலைன்னே."

எனக்குக் கோபம் தீரவில்லை. தீர்ந்துவிட்டதென்று சொன்னால் பொய். ஆனால் அப்படியே வண்டிப் படியில் உட்கார்ந்தேன். லீவு முடிவதற்கு ஒரு மாசம் முன்பே நான்தான் அவருக்குப் பெட்டி கட்டத் தொடங்குவேன். நார்த்தங்காய் ஊறுகாய், மாசித்தூள், மடித்த கைலி, எல்லாம் நான்தான் அடுக்குவேன். அஃப்ராவுக்கு ஃபீஸ் இருந்தது, மாடி பாதியில் நின்றது, ஏதாவது ஒன்று எப்போதும் இருந்தது. போக வேண்டுமா என்று ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. கிளம்பும்போது ஆளுக்குச் சந்தோஷம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன், அதில் எனக்குப் பொறாமைகூட இருந்தது.

"சரி, இப்பக் கேக்குறேன். போவணுமா, வேணாமா? சொல்லுங்க."

அவர் துணியை நாலாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"தெரியலயே பத்ரு. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

அவரே மறுபடி அடியில் படுத்து, புது வளையத்தில் ஆயிலைத் தடவி, ஃபில்டரை ஒழுங்காக மாட்டினார். நான் மாட்டச் சொல்லவில்லை. கொட்டியதற்கு ஈடாக மிச்சமிருந்த கேனை ஊற்றினார். ஓட்டுகிற இடத்தில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார், நானும் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். எஞ்சின் ஓடியது. கீழே ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

அதற்குள் அசர் முடிந்து, வழியனுப்ப ஆட்கள் வந்துவிட்டார்கள். நஜீபா டப்பா நிறைய முட்டை மாசுப் பலகாரம் சுட்டுக்கொண்டு முன்னால் வந்தாள். "வண்டிதான் நல்லா ஓடுதே நானா, கெளம்ப வேண்டியதுதானே" என்று ஜன்னல் வழியாக அண்ணனிடம் சொன்னாள். பின்னாலிருந்து யாரோ துவா ஓத ஆரம்பித்தார்கள்.

அவர் சிரித்தார். பதினான்கு தடவையும் சிரித்த அதே சிரிப்பு. கையை இன்றைக்குத்தான் பார்த்தேன், கியரைப் போடாமல் அந்தப் பழைய துணியைக் கசக்கிக்கொண்டிருந்தது.

நான் எட்டிச் சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தேன்.

"இன்னைக்கு இல்ல நஜீபா" என்றேன். "முப்பத்தொரு வீட்லயும் நானே போய்ப் பயணம் இல்லன்னு சொல்லிக்கிறேன்."