களத்துமேடு

தில்லைநாயகம் பிள்ளையின் வைக்கோலுக்கு ஊரிலேயே உயரமான இடம். தென்காசிக்குக் கிழக்கே, குளத்தை ஒட்டிய களத்துமேட்டில் படப்புப் படப்பாகக் காய்ந்து நிற்கும். அவர் வயலில் நட்டு, அறுத்து, அந்த வைக்கோலையும் சுமந்துபோய்ப் படப்புப் போட்டவர்களுக்குக் குளத்துக்கரைக்குக் கீழே பள்ளம். கரை உடைந்தால் முதல் தண்ணீர் அவர்கள் அடுப்புக்குள்தான்.

சுதந்திரம் வந்து பத்து வருஷம் கழிந்த ஒரு கார்த்திகையில் மழை விட்டபாடில்லை. குற்றாலத்தில் அருவி செம்மண்ணாய் இறங்குகிறது என்று பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். குளம் ததும்பி நின்றது. மிச்சத் தண்ணீர் வெளியேற வேண்டிய கலிங்கைப் பிள்ளைவாள் பலகை வைத்து அடைத்திருந்தார். பிசான நெல்லுக்குத் தண்ணீர் காணாதாம்!

பள்ளத்தில் குடியிருந்தவள் மாரித்தாய். வீட்டில் மகள் முத்துவடிவு பச்சை உடம்புக்காரி. மாரித்தாய் பிள்ளைவாள் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"ஐயா, மழை விடுத வரைக்கும் களத்துல ஒதுங்கிக்கிடுதோம்."

"களத்துலயா? ஏட்டி, அது லெச்சுமி இருக்குத எடம். பிள்ள பெத்த தீட்டோட அங்கன ஏறுவியளோ?"

"அப்பம் கலிங்கையாவது தெறந்து விடுங்க ஐயா."

"எங்க பாட்டனார் போட்ட கரைட்டி, ஒடையாது. போய்ப் படு. ஆண்டவன் பாத்துக்கிடுவான்."

ஆண்டவனுக்கு வேறு வேலை இருந்திருக்கும். மறுநாள் மத்தியானம் கரை உடைந்தது.

மாரித்தாய் இந்தத் தடவை யாரிடமும் கேட்கவில்லை. பேரப்பிள்ளையை ஓலைப்பெட்டியில் வைத்துத் தலையில் தூக்கிக்கொண்டு, மகளையும் இழுத்துக்கொண்டு களத்தில் ஏறினாள். தெருவே பின்னால் ஏறியது. கண்ணெதிரே மண்சுவர்கள் கரைந்து போயின. ஆட்டை அவிழ்க்கப் போன வீரபாகு மட்டும் திரும்பவில்லை. அவன் பெண்டாட்டி ரெங்கம்மாள் வைக்கோலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கதறினாள்.

தண்ணீர் வடிந்தபின் அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். அதற்கு முன்பே பிள்ளைவாள் ஆள் விட்டுக் கலிங்குப் பலகையைப் பிடுங்கி எறிந்திருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது அவருக்குக் கைவந்த கலை. அதிகாரி சேறு படாத இடமாகப் பார்த்து நின்று, "இயற்கையின் சீற்றம்" என்றார். பிள்ளைவாள் உருக்கமாகத் தலையை ஆட்டினார். பலகையை வைத்து அடைத்ததும் இயற்கைதானா? "பள்ளத்தில் வீடு கட்டினால் இப்படித்தான்" என்று செத்தவன் வீட்டுக்காரர்களுக்கே புத்தி வேறு சொல்லிவிட்டு அதிகாரி ஜீப்பில் ஏறினார்.

பிள்ளைவாளுக்குத் தர்மசிந்தை பொங்கியது. ஓலையும் கம்பும் கொடுத்தார், அதே பள்ளத்தில் கட்டிக்கொள்ள. மாரித்தாய் கும்பிட்டு வாங்கிக்கொண்டாள். களத்தில் கொண்டுபோய்க் குடிசை போட்டாள். தெருவும் போட்டது. பிள்ளைவாள் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். போலீசைக் கூப்பிடுவேன் என்றார். கூப்பிட்டால் கலிங்குக் கதையும் வெளியே வரும் என்று அவருக்குத் தெரியாதா, என்ன!

மாசியில், வெள்ளம் தொடாத மேலவயல் விளைந்து சாய்ந்தது. அறுக்க ஒரு ஆளும் இறங்கவில்லை. கடைசியில் பிள்ளைவாளே குடையும் கையுமாகக் களத்துக்கு வந்தார்.

"ஏட்டி மாரித்தாய், நெல்லு உதிருது. எல்லாரையும் கூட்டிட்டு வா. களத்தையும் ஒழிச்சுக் குடு. நெல்லை நான் எங்கன கொண்டு போட?"

மாரித்தாய் பேரனை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு, கையைக் கீழே நீட்டினாள்.

"அறுக்க வாரோம் ஐயா. அந்தா, பள்ளம் காலியாத்தானே கெடக்கு? நெல்லை அங்கன போடுங்க."