நற்செய்தி எழுதினவர் பேர்

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் மழை சும்மா பெய்துவிட்டுப் போகாது. எழுதி வைத்ததையும் அழித்துவிட்டுத்தான் போகும். மரியகொரட்டியின் புருஷன் கல்லறையில் நட்டிருந்த மரச்சிலுவையில் அவர் பேர் இரண்டு தடவை எழுதப்பட்டு, இரண்டு தடவையும் கரைந்துபோனது. "இதுக்கு மேல நல்ல பெயின்ட் பதுளையில இல்லம்மா" என்று மகன் றிச்சர்ட் கையை விரித்துவிட்டான். கல்லறைத் திருநாள் வந்தால் தோட்டமே மெழுகுதிரியும் பூவுமாக மேட்டுக்கு ஏறும். அத்தனை பேர் பார்க்க, பேரில்லாத சிலுவைக்கு முன்னால் போய் நிற்பதா?

அந்த நேரத்தில்தான் தொழிலாளர் வீட்டு வரிசையான மேல் லயத்தில் இருக்கிற ஜொனி தன் வீட்டுக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பெயர்ப்பலகை மாட்டினான். அறுகம்பே ஹோட்டலில் வேலை செய்கிற பையன். அங்கே கடற்கரை ரோட்டில் ஒரு மண்பாண்டப் பட்டறையில் செய்ததாம். வெள்ளைப் பூச்சின் நடுவே எழுத்தை ஆழமாகக் கீறி, சூளையில் வைத்துச் சுட்டிருந்தார்கள். மரியகொரட்டி நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

"எவ்வளவு சுரண்டினாலும் போகாது பெரியம்மா. சுட்ட எழுத்து. கல்லால அடிச்சு ஒடச்சாத்தான் உண்டு" என்றான் ஜொனி.

அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டாள். றிச்சர்ட் வேன் ஓட்டுகிறவன். பதுளை ஸ்டேஷனில் வந்து இறங்கும் வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு அடிக்கடி அறுகம்பேக்குப் போவான். அடுத்த ஹயர் ஓட்டத்துக்குத் தானும் வருவதாக அவள் சொன்னபோது, "எதுக்கும்மா அம்புட்டுத் தூரம் குலுங்கிக்கிட்டு? நானே சொல்லி எழுதிட்டு வர்றேனே" என்றான்.

"நீ எழுதுன லட்சணத்ததான் ரெண்டு தரம் பாத்துட்டேனே. நான் வந்து கண்ணால பாத்தாத்தான் ஆகும்."

அடுத்த ஹயரில் அவளுக்கு முன் சீட்டை ஒதுக்கிக் கொடுத்தான்.

பசறை வளைவுகளில் தலை சுற்றி, மொனராகலை வெயிலில் வேர்த்துக் கொட்டி, ஒரு வழியாக அறுகம்பே வந்து சேர்ந்தார்கள். கட்டடங்களுக்கு இடையில் கடல் தெரிந்தது. பார்க்கலாம், முதலில் வந்த வேலை முடியட்டும் என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். றிச்சர்ட் பட்டறை வாசலில் வேனை நிறுத்தி அவளை இறக்கிவிட்டு, ஜன்னல் வழியாகவே சத்தம் போட்டான்.

"அலவி அண்ணே! எங்கம்மா. அப்பா கல்லறைக்குப் பேர் அடிக்கணும். விவரமெல்லாம் அவங்களே சொல்லுவாங்க. நான் இந்த வெள்ளக்காரங்கள ஹோட்டல்ல விட்டுட்டு ஓடியாந்திர்றேன்!"

வேன் பறந்துவிட்டது. விவரமெல்லாம் அம்மா சொல்லுவார்களாம்! அம்மா வாயிலிருந்து அப்பாவின் பேர் ஒரு நாளும் வந்ததில்லை என்பது இத்தனை வருஷம் கூட இருந்த பிள்ளைக்கே உறைக்கவில்லை.

தாலி ஏறிய நாளிலிருந்து அவள் அந்தப் பேரைச் சொன்னது கிடையாது. கூப்பிட வேண்டுமென்றால் "இந்தாங்க". பிள்ளை பிறந்த பிறகு "றிச்சர்ட்டு அப்பா". புருஷன் பேரைப் பொண்டாட்டி சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று அவள் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். கோயிலில் சாமியார் "புனித மத்தேயு எழுதிய நற்செய்தியிலிருந்து வாசகம்" என்று ஆரம்பித்தாலே இவள் தலையைக் குனிந்துகொள்வாள். ஆண்கள் பக்கத்தில் மத்தேயு நமுட்டுச் சிரிப்புச் சிரிப்பார். அவர் போன பிறகு வீட்டில் ஜெபம் சொன்னபோதும், மற்றவர்கள் அவர் பேரைச் சொல்லி "ஆன்மா இளைப்பாறுக" என்றார்கள். இவள் "அவருடைய ஆன்மா" என்று முணுமுணுத்ததோடு சரி.

ஆனால் மரியகொரட்டி ஏமாந்தவள் இல்லை. யோசித்துத்தான் வந்திருந்தாள். அவர் செத்த பிறகு திருப்பிக் கொடுக்கச் சொல்லியும் கொடுக்காமல் வைத்திருந்த அடையாள அட்டை அவள் பையில் இருந்தது. அட்டையை நீட்டினால் வாய்க்கு என்ன வேலை?

உள்ளே முழங்கை வரைக்கும் சேறாக ஒரு வெள்ளைக்காரப் பெண் சுற்றும் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்து, ஏதோ ஒரு கிண்ணத்தைச் செய்வதும் அது சரிந்து விழுவதுமாக இருந்தாள். விழ விழச் சிரித்தாள். கடல் கடந்து வந்து சேற்றைப் பிசைகிறதுகளே என்று மரியகொரட்டிக்கு ஆச்சரியமாக இருந்தது. ஓரத்து மேசையில் பட்டறைக்காரன் அலவியின் மனைவி ஸைனப் கோப்பைகளுக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்தாள்.

அலவி ஈரத் துணியை விலக்கி, வெள்ளை பூசிய ஒரு டைலை எடுத்து வைத்தான்.

"உங்கட நல்ல நேரம். மண் இப்பதான் பதத்துக்கு வந்திரிக்கி. கீறினா அழகா விழும். இன்னும் கொஞ்சம் போனா இறுகிப் போயிரும். ம்... பேரச் சொல்லுங்கம்மா."

அவள் பேசாமல் அட்டையை எடுத்து நீட்டினாள். அலவி அதில் சிங்களத்தில் இருந்ததை ஒரு தரம் பார்த்துக்கொண்டு, கம்பியால் தமிழில் கீற ஆரம்பித்தான். என்ன நிதானம், என்ன அழகு! எழுத்து எதுவும் படிக்கத் தெரியாவிட்டாலும் வளைவெல்லாம் வழுக்கிக்கொண்டு வருவது அவளுக்குத் தெரிந்தது. பெருமையாக இருந்தது. அலவி தூசியை ஊதிவிட்டு வாசித்துக் காட்டினான்.

"முத்தையா. சரியா?"

"ஐயையோ!" என்று அவள் போட்ட சத்தத்தில் வெள்ளைக்காரியின் கிண்ணம் மறுபடி சரிந்தது.

பாழாய்ப் போன அட்டை! ஆதியில் எந்த எழுத்தரோ காதில் விழுந்தபடி எழுதி வைத்தது அது. தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலிலும் அதே பேர், பென்ஷனிலும் அதே பேர். திருத்தப் போனால் நாலு ஒப்பீஸ் அலைய வேண்டும் என்று மத்தேயு விட்டுவிட்டார். "முத்தையா உழைக்கிறான், நான் சாப்பிடுறேன். எனக்கென்ன நட்டம்?" என்பார். லயத்தில் ஒருத்தர்கூட அப்படிக் கூப்பிட்டதில்லை என்பதால் அவளுக்கு அது அடியோடு மறந்தே போயிருந்தது.

"அது அவரு பேரு இல்ல தம்பி."

"அப்ப இது யார்ட கார்ட்?"

"அவருதுதான்."

அலவி திருதிருவென்று விழித்தான். பிறகு ஈர ஸ்பொஞ்சால் தடவி, எழுத்தை மூடி, மேலே வெள்ளையைப் பூசினான். "சரி. உள்ள பேரச் சொல்லுங்க."

அவள் றிச்சர்டுக்குப் போன் எடுத்தாள். மணி அடித்தது, அடித்தது, ஓய்ந்தது. வண்டி ஓட்டும்போது போனைத் தொடாதே என்று படித்துப் படித்துச் சொன்னவள் அவளேதான். மற்ற எதையும் கேட்க மாட்டான், இதை மட்டும் கேட்டுத் தொலைத்திருக்கிறான்.

"அது வந்து... வரி வாங்குனவரு" என்று ஆரம்பித்தாள். "வரி வாங்குற எடத்துல ஒக்காந்திருந்தாரு. கூப்பிட்டதும் அப்பிடியே போட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு."

"ஐயா இன்கம்டெக்ஸ்ல வேல செஞ்சவரா?" என்று அலவி மரியாதையோடு கேட்டான்.

"ஐய, அவரு தோட்டத்துல கவ்வாத்து வெட்டுனவரு. தேயிலை மரத்த வெட்டி விடுற வேல. நான் சொல்றது அந்தப் பேருக்கு உள்ள புனிதர. நற்செய்தி எழுதுனாருல்ல? நாலு பேரு எழுதுனாங்கள்ல? அதுல மொதல்ல எழுதுனவரு."

"இன்ஜீல் வேதத்தச் சொல்றீங்களா? வேதம் தெரியும் எங்களுக்கு. எழுதின ஆக்கள்ட பேர் தெரியாதேம்மா!"

ஸைனப் நிறம் தீட்டுவதை நிறுத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இஞ்ச, உங்களுக்கு விளங்கல்லயா? அவங்க புருஷன்ட பேரச் சொல்ல மாட்டாங்க."

"அட, அதுதானா சங்கதி!" அலவிக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. சக்கரத்துப் பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் வெள்ளைக்காரியிடம் கேட்டான். அவள் சேற்றுக் கையை ஆட்டிக்கொண்டு பளிச்சென்று பதில் சொன்னாள். அலவி மரியகொரட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மடமடவென்று கீறி முடித்துவிட்டு, பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி வாசித்தான்.

"மேத்யூ!"

மரியகொரட்டிக்கு முகம் விழுந்துவிட்டது. "அது யாரோ தொரைய கூப்பிடுற மாதிரியில்ல இருக்கு? அது இல்ல தம்பி. அதுதான்... ஆனா அது இல்ல."

அலவி டைலைத் தொட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "அம்மா, கோவிக்காதீங்க. இன்னொரு தரம்தான் அழிக்கேலும். அதுக்குப் பிறகு கீறினா வெடிச்சிரும். பதத்துல இரிக்கிறது இது ஒண்டுதான். மகன் வரும் வரைக்கும் மண் தாங்காது. அடுத்த மாசம் வரக்குள்ள செஞ்சு தாறனே?"

அடுத்த மாசம்! இப்போது கீறினால்தான் காய வைத்துச் சுட்டு, றிச்சர்டின் அடுத்த ஹயரில் எடுத்து, கல்லறைத் திருநாளுக்கு முன்னால் நட முடியும். அடுத்த மாசம் என்றால் திருநாள் போயே போய்விடும். இந்த வருஷம் அவருக்குப் பேரில்லை என்று அர்த்தம். அவள் முந்தானையை முறுக்கினாள். வாயைத் திறந்தாள், நாக்கு எழவில்லை.

ஸைனப் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்கு விளங்குதும்மா. நானும் இவர்ட பேரச் சொல்றல்ல. புள்ளைகள்ட ஸ்கூல்ல கேட்டாலும் மகள்தான் சொல்லுவா. எங்கட உம்மாவும் அப்பிடித்தான். சொன்னா அவங்கட ஆயுசுக்கு ஆகாது எண்டு ஒரு பயம்."

"ஆமா புள்ள. ஆயுசு கொறஞ்சிரும்னுதான்..."

சொல்லிக்கொண்டு வந்தவள் பாதியில் நின்றாள்.

எந்த ஆயுசு? யாருடைய ஆயுசு? குறைவதற்கு அவரிடம் இன்னும் என்ன இருக்கிறது? பெட்டியை மூடினார்கள், இறக்கினார்கள், அவளும்தான் ஒரு பிடி மண் போட்டாள். அப்படியும் இத்தனை மாசமாக, அவர் கவ்வாத்து மலைக்குப் போயிருப்பதைப் போலவும், தான் வாயைத் திறந்தால் அவருக்கு ஏதாவது ஆகிவிடும் என்பதைப் போலவும் அந்தப் பேரைப் பொத்திப் பொத்தி வைத்திருந்திருக்கிறாள். எதைக் காப்பாற்ற?

"மத்தேயு" என்றாள்.

சக்கரத்தின் இரைச்சலில் அலவிக்குக் கேட்கவில்லை. "என்னம்மா?"

"மத்தேயு!"

இந்தத் தடவை அது சொன்ன மாதிரி இல்லை, கூப்பிட்ட மாதிரி இருந்தது. வெள்ளைக்காரி சக்கரத்தை நிறுத்தினாள். மரியகொரட்டி ஒரு கணம் அப்படியே காத்திருந்தாள். கூப்பிட்டால் "என்னா?" என்று கேட்கத்தானே வேண்டும் ஒரு மனுஷன். ஒருத்தரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவளால் அடக்க முடியவில்லை. ஓவென்று அழுதாள். சாவு வீட்டில்கூட அவள் அப்படி அழவில்லை. நிறம் ஒட்டிய கையோடு ஸைனப் அவளைக் கட்டிக்கொண்டாள். என்ன ஏதென்று புரியாத வெள்ளைக்காரியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கன்னமெல்லாம் சேறாக்கிக்கொண்டாள்.

அலவி ஸ்பொஞ்சை எடுத்து, பழைய எழுத்தை மெதுவாக, மிக மெதுவாக மூடினான். கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு தயங்கினான்.

"நடுவுல இரிக்கிற எழுத்து நெடிலாம்மா, குறிலா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி. நான் சொல்றேன், நீங்க கேட்டுக் கேட்டு எழுதுங்க."

அவள் சொன்னாள். அவன் கீறினான். முடிகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தாள். முதலில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பிறகு தெளிவாக. எழுத்து மூன்றாவது தடவையும் வெடிக்காமல் விழுந்தது. அலவி வாசித்துக் காட்டினான். அவள் தலையை ஆட்டினாள். அவன் டைலைத் தட்டில் வைத்து நிழலுக்குக் கொண்டுபோனான்.

றிச்சர்ட் வந்தபோது அவள் ஸைனப் கொடுத்த பிளேன்டீயைக் குடித்துக்கொண்டிருந்தாள். அவன் நேராகப் போய் டைலைப் பார்த்தான்.

"சரியா இருக்கே! மிஸ்கோல் பாத்ததும் கார்டுல உள்ள பேர எழுதிட்டாங்களோன்னு பதறிப்போய் ஓடியாறேன். நீங்க பேர் சொல்ல மாட்டீங்களே, அப்புறம்தான் ஞாபகம் வந்திச்சு. யாரும்மா சொன்னா?"

"நான்தான்டா சொன்னேன்."

"நீங்களா?" அவன் நம்பாமல் அலவியைப் பார்த்தான், ஸைனபைப் பார்த்தான். "அப்பா பேரையா? நீங்களா சொன்னீங்க?"

"ஆமா. அவரு இருந்திருந்தா நான் சொல்லியிருப்பேனா?"

றிச்சர்ட் அம்மாவின் கையிலிருந்த வெறும் கோப்பையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.