பெட்டி மாறிய விண்ணப்பம்

வெள்ளிக்கிழமை நான் ஊரைவிட்டுக் கிளம்புவதாக இருந்தேன். அத்தைக்கு இன்னும் சொல்லவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து நடந்து வரும்போது, தெருவில் வைத்துப் போட்டு உடைத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். தெருவில் யாரும் அழ மாட்டார்கள். என் அத்தை எங்கேயுமே அழ மாட்டார்.

அத்தை என்றால் என் கணவரின் அம்மா. என் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். பதினோரு மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆறாவது மாடியில் வேலையை முடித்து, கருவிப் பையை மூடிவிட்டுப் படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. முப்பத்தாறு வயது. நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவள். அக்கம்பக்கத்தில் என் பெயரே ஊசியக்கா. ஊரார் உடம்பில் ஓடுவதையெல்லாம் சீசாவில் பிடித்தவளுக்கு, பக்கத்தில் படுத்திருந்தவரின் நெஞ்சைப் பற்றி ஒரு மண்ணும் தெரியவில்லை.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அத்தை தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டார். பள்ளிச் சீருடைகள் தைப்பது அவர் தொழில். காலையில் ஆரம்பித்தால் என் அறைச் சுவர் அதிர அதிர ஓட்டுவார். சாயங்காலம் ஆறரைக்கு என்னையும் உட்கார வைத்து ஜெபம். "ஆண்டவரே, நீர் செய்த எல்லாவற்றுக்காகவும் ஸ்தோத்திரம்" என்பார். எல்லாவற்றுக்காகவுமாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கண்ணை மூடாமல் அவரையே முறைத்துக்கொண்டிருப்பேன். பெற்ற பிள்ளையைப் புதைத்துவிட்டு நன்றி சொல்கிற மனுஷி கல்லா, மரமா? வேறு ஊரில் புதுக் கிளை திறக்கிறோம், யார் போகிறீர்கள் என்று நிலையத்தில் கேட்டபோது முதல் ஆளாகக் கையைத் தூக்கியது அதனால்தான்.

எங்கள் சபை வாசலில் இரண்டு பெட்டிகள் உண்டு. இடப்பக்கம் விண்ணப்பம். அந்தச் சீட்டுகளைப் போதகர் மட்டும் தனியாகப் படித்து, ஜெபித்துவிட்டுக் கிழித்துப் போடுவார். வலப்பக்கம் நன்றி. அவற்றை ஆராதனையில் எல்லோருக்கும் படிப்பார்கள். பெயர் போட வேண்டியதில்லை. படிக்கிறவர் சபைச் செயலாளர். அவருக்கு எக்ஸ்பிரஸ் என்று பட்டப்பெயர். முற்றுப்புள்ளி, காற்புள்ளி என்று எந்த ஸ்டேஷனிலும் நிற்க மாட்டார், அர்த்தத்தையும் ஏற்றிக்கொள்ள மாட்டார். ஒவ்வொரு சீட்டு முடிந்ததும் இருநூறு பேரும் ஒரே மூச்சாக ஸ்தோத்திரம் சொல்வார்கள். அந்த ஞாயிறும் அப்படித்தான் ஆரம்பித்தது.

"மகள் பரீட்சையில் தேறியதற்காக நன்றி."

"ஸ்தோத்திரம்!"

"மூட்டுவலி குறைந்ததற்காக நன்றி."

"ஸ்தோத்திரம்!"

"ஆண்டவரே பதினோரு மாதமாக உமக்கு நன்றி சொல்கிறேன் வாய்தான் சொல்கிறது மனசு ஒருநாளும் சொல்லவில்லை நடித்து நடித்து அலுத்துவிட்டது எங்கள் வீட்டை இப்படி வெறிச்சோட வைத்துவிட்டீரே உமக்குத் திருப்திதானா."

"ஸ்தோத்திரம்!"

சொல்லி முடித்த பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. எக்ஸ்பிரஸ் கையிலிருந்த சீட்டைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அப்புறம் ஒவ்வொரு தலையாக என் பக்கம் திரும்பியது. பதினோரு மாதம் என்றால் வேறு யார்? நான் எதுவும் எழுதவில்லை, ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் என் வார்த்தை. எழுதிவிட்டு மறந்துவிட்டேனோ என்று சத்தியமாகச் சந்தேகம் வந்து, கைப்பையைத் திறந்து பேனா இருக்கிறதா என்று பார்த்தேன்.

பக்கத்தில் அத்தை எழுந்து நின்றார்.

"அது நான் எழுதினதுங்க. அந்தப் பக்கம் போட வேண்டியது. இத்தனை வருஷமா நன்றிப் பெட்டியிலயே போட்டுப் பழகின கை, தானா அங்க போயிடுச்சு."

அத்தையா? என் அத்தையா?

எக்ஸ்பிரஸ் தடுமாறினார். "அப்போ இதை எடுத்து அந்தப் பெட்டியில போட்டுடட்டுமாம்மா?"

"எதுக்கு? இவ்வளவு சத்தமா படிச்சீங்களே, ஆண்டவருக்குக் கேட்டிருக்காதா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், மூக்கு வழியாக வந்தது. பதினோரு மாதத்துக்குப் பிறகு சிரிக்கிறேன், அதுவும் ஆராதனையில்! அத்தை திகைத்து என்னைப் பார்த்தார். பார்த்தவர் உதட்டைக் கடித்தார், அப்படியே உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவரும் குலுங்கினார். போதகர் எக்ஸ்பிரஸை உட்காரச் சொல்லிவிட்டு, எல்லோரையும் கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கச் சொன்னார். வீட்டுக்கு நடக்கையில் ஊரைவிட்டுப் போவதைச் சொல்ல எனக்கு வாயே வரவில்லை.

ஆறரை மணிக்கு ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். அத்தை வாயைத் திறந்தார், மூடினார்.

"எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியலம்மா. நன்றின்னு சொன்னா பொய்யாகும். சண்டை போடவும் பயமா இருக்கு."

"அதான் காலையிலேயே போட்டாச்சே அத்தை. இடி ஒண்ணும் விழலையே."

"அப்போ நீ ஆரம்பி."

நான் கண்ணை மூடினேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆண்டவரே, எங்க ரெண்டு பேருக்கும் உங்க மேல கோபம்."

"ஆமாங்க ஆண்டவரே" என்றார் அத்தை. 'நீர்', 'உமது' எல்லாம் போய், எதிர்வீட்டுக்காரரிடம் நியாயம் கேட்பதுபோல் இருந்தது.

"அவர் குறட்டை இல்லாம எனக்குத் தூக்கம் வரல."

"மெஷினை ஓட்டிக்கிட்டே அழுதாத்தான் இந்தப் பொண்ணுக்குக் கேக்காது ஆண்டவரே. அதான் ஓட்டினேன்."

நான் கண்ணைத் திறந்துவிட்டேன். பதினோரு மாதம் அந்தச் சத்தத்துக்காக இவரைச் சபித்திருக்கிறேன். அத்தை கண்ணை மூடியபடி பேசிக்கொண்டே போனார்.

"அவன் சின்னதுல ஜெபம் பண்றப்ப ஒத்தைக் கண்ணைத் திறந்து வச்சு எல்லாரையும் வேவு பார்ப்பான்."

"கல்யாணத்தன்னிக்கும் அப்படித்தான் அத்தை. நானும் திறந்திருந்தேன், மாட்டிக்கிட்டார்."

மறுபடியும் சிரித்தோம், ஜெபத்தின் நடுவிலேயே. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அது சந்தோஷம்தான் என்று தெரிந்ததும் ஆடிப்போனேன், திருடும்போது பிடிபட்டவள்போல. என் கணவர் திரும்பி வரப்போவதில்லை. ஆனாலும் அந்தச் சின்ன அறையில் எங்களோடு ஒருவர் உட்கார்ந்து, நாங்கள் திட்டியதையும் சிரித்ததையும் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்தத் தைரியத்தில் சொல்லிவிட்டேன்.

"ஆண்டவரே, வெள்ளிக்கிழமை நான் வேற ஊருக்கு வேலைக்குப் போறேன். அத்தைகிட்ட மறைச்சுட்டேன். இவங்களுக்கு மனசே இல்லைன்னு நெனச்சுட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

அத்தை கையை உதறிவிட்டு எழுந்துவிடுவாரோ என்று பயந்தேன்.

"எத்தனை ரூம்?"

"என்ன அத்தை?"

"அங்க வீட்டுல எத்தனை ரூம்னு கேக்கறேன்."

"வீடு இல்ல அத்தை. ஹாஸ்டல். ஒரு கட்டில், ஒரு அலமாரி, அவ்வளவுதான்."

அத்தை கண்ணைத் திறக்கவில்லை, பிடித்த கையையும் விடவில்லை. குரலை மட்டும் உயர்த்தினார்.

"ஆண்டவரே, வெள்ளிக்கிழமைக்குள்ள அந்த ஊர்ல ஒரு வீடு பார்த்துக் கொடுங்க. சமையலறையில ரெண்டு பேர் சேர்ந்து நிக்க இடம் இருக்கணும்."

நான் ஆமென் சொன்னேன். நாலு வீடு தள்ளிக் கேட்டிருக்கும்.