மூன்றரைக்கு நாலரை

“இது என்ன?” என்று கேட்டாள் வீட்டுக்காரம்மா. அவள் விரல் கணினித் திரையில் பட்டு, கண்ணாடியில் ஒரு பிசுக்கு விழுந்தது.

ஸ்கேல் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். பிளான் வரையும் அந்தப் பெண்ணுக்கு ஆபீசில் ஸ்கேல் என்றுதான் பெயர். ஒல்லியாக இருப்பாள், நிமிர்ந்து உட்காருவாள், வளைந்து கொடுக்கத் தெரியாது. பெயர் வைத்தவர் இன்ஜினியர். ஆறு வருஷமாகியும் அந்தக் கிண்டலுக்கு அவரே சிரித்துக்கொண்டிருந்தார்.

ஆபீஸ் என்பது ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறை. கீழே கம்பி அறுக்கும் சத்தம் காலையில் ஆரம்பித்தால் மாலை வரை பல்லைக் கூசவைக்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் பதினெட்டு நாளாக அவள் இந்த வீட்டை வரைந்துகொண்டிருந்தாள். முப்பதுக்கு நாற்பது மனையில் சின்ன வீடு, ஆனால் மாடர்னாக இருக்க வேண்டும். மாடர்ன் என்றால் என்னவென்று வீட்டுக்காரருக்கும் சொல்லத் தெரியவில்லை. போனில் படம் படமாகச் சேர்த்து வைத்திருந்தார். ஏதோ பனி கொட்டும் ஊரில், கண்ணாடியும் சாம்பல் நிறச் சுவருமாக, ஒரு மனுஷத் தலைகூடத் தெரியாத வீடுகள்.

“இந்த மாதிரி சுத்தமா இருக்கணும்” என்பார்.

ஜன்னலுக்கு மேல் சன்ஷேட் வேண்டாம் என்றார்கள், எடுத்தாள். சாரல் உள்ளே அடிக்கும் என்று சொன்னதற்கு இன்ஜினியர் அவளை முறைத்தார். துணி காயப்போடும் இடம் வேண்டாம், எடுத்தாள். பாத்திரம் தேய்க்கும் தொட்டி கண்ணில் படக் கூடாது, பின்பக்கம் தள்ளினாள். அந்த வீட்டில் குடியிருக்கப் போகிறவர்கள் அழுக்கே பண்ண மாட்டார்கள் போலிருந்தது. இப்போது மொட்டை மாடிக்குப் போகும் வெளிப்படிக்கட்டுக்கு அடியில் இருந்த ஒரு சின்னச் சதுரத்தின் மேல் வந்து நின்றிருந்தது அந்த விரல்.

“டாய்லெட் மேடம்” என்றாள் ஸ்கேல். “மூணரைக்கு நாலரை அடி. படிக்கட்டுக்குக் கீழ சும்மா கிடக்கற இடம்தான். தனியா எதுவும் கட்ட வேண்டாம்.”

“உள்ளதான் மூணு இருக்கே. இது யாருக்கு?”

“வெளியில இருந்து வேலைக்கு வர்றவங்களுக்கு. பாத்திரம் தேய்க்கறவங்க, வீடு துடைக்கறவங்க...”

வீட்டுக்காரம்மா திரும்பிக் கணவனைப் பார்த்தாள். பிறகு ஸ்கேலைப் பார்த்தாள்.

“அவங்க வேலைக்கு வர்றாங்களா, இதுக்கு வர்றாங்களா?”

வீட்டுக்காரர் சிரித்தார். இன்ஜினியர் அவரைவிடக் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தார்.

“வேலை முடிய நாலு மணி நேரம் ஆகுமில்ல மேடம்” என்றாள் ஸ்கேல்.

“ஒரு தடவ விட்டோம்னா தெருவுல போறவன் வர்றவன் எல்லாம் வருவான். நாத்தம் தாங்காது. எடுத்துடுங்க.”

“எடுத்துடும்மா” என்றார் இன்ஜினியர். “கேட்டதை மட்டும் வரை. உனக்கு சமூக சேவை பண்ணணும்னா அதுக்கு வேற இடம் இருக்கு.”

ஸ்கேல் ஒரு பொத்தானைத் தட்டினாள். சதுரம் மறைந்தது. வீட்டுக்காரம்மா இப்போதுதான் மூச்சு விடுகிறவள்போல, “பாருங்க, எவ்வளவு சுத்தமா இருக்கு” என்றாள்.

ஸ்கேல் தன் வீட்டுக்குப் போனபோது அம்மா சுவர் ஓரமாகப் படுத்திருந்தாள். முழங்காலை வயிற்றோடு மடக்கி வைத்திருந்தாள். மூன்று மாதத்தில் இது இரண்டாவது தடவை. முதல் தடவையே டாக்டர் சொல்லிவிட்டார், சிறுநீர்ப் பாதையில் தொற்று, ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும், வந்தால் அடக்கக் கூடாது என்று. அம்மா அந்த டாக்டரை அன்றிலிருந்து திட்டிக்கொண்டிருந்தாள்.

“தண்ணி குடிச்சியா?”

“இப்ப குடிச்சேன்.”

“காலையில?”

“காலையில எப்படிடி குடிப்பேன்? ஆறு மணிக்கு வாயைக் கட்டினா ரெண்டு மணிக்குத்தான் அவுக்கணும். தெரியாத மாதிரி கேக்கற.”

நாலு வீட்டில் வேலை. காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் மதியம் இரண்டு மணிக்குத் திரும்புவாள். வழியில் ஒதுங்க ஒரு மறைவு கிடையாது, எல்லாம் கேமரா வைத்த தெருக்கள். ஒரே ஒரு தடவை, தாங்க முடியாமல், மூன்றாவது வீட்டில் கேட்டாள். அந்த வீட்டு அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து வேறு ஆள் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அம்மா யாரையும் கேட்டதில்லை.

ஸ்கேல் மாத்திரையைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டே ஆபீசில் நடந்ததைச் சொன்னாள். ஆறுதலாக ஏதாவது வரும் என்று எதிர்பார்த்திருந்தால் அது அவள் தப்பு.

“உன்னை யாருடி அதையெல்லாம் வரையச் சொன்னது?” அம்மா எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். “அவங்க வீடு, அவங்க இஷ்டம். நீ என்ன, உங்கம்மாவைக் கொண்டு போய் அங்க உக்கார வைக்கப் போறியா? ஏசி ரூம்ல உக்காந்து செய்யற வேலை கிடைச்சிருக்கு. அதையும் வாயால கெடுத்துக்கோ.”

“ஏசி அவரு டேபிளுக்கு மேலதான் இருக்கு. எனக்கு ஃபேன்தான்.”

“வாய். இந்த வாய்தான்.”

அம்மா மாத்திரையை விழுங்கினாள். சொம்புத் தண்ணீரை முழுவதும் குடித்தாள். இரண்டு மணிக்கு மேல் அவள் தண்ணீர் குடிப்பதைப் பார்த்தால் யாரோ பிடுங்கிக்கொள்ள வருகிறார்கள் என்று தோன்றும்.

“நாலு வீட்லயும் சேர்த்து ஒம்பது கக்கூஸ் கழுவறேன்” என்றாள் சுவரைப் பார்த்தபடி. “பளபளன்னு. அதுல மூஞ்சி பாக்கலாம்.”

அம்மா மறுபடி படுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, தூங்கிவிட்டாள் என்று நினைத்தபோது கேட்டாள்.

“கதவு வச்சிருந்தியா அதுக்கு?”

“வச்சிருந்தேன். வெளிப்பக்கம் திறக்கற மாதிரி. உள்ள இடம் பத்தாதுல்ல.”

“தாழ்ப்பா?”

“உள்பக்கம்.”

“ம்” என்றாள் அம்மா.

மறுநாள் காலை ஸ்கேல் அந்தக் காரியத்தைச் செய்தாள். கணினியில் வரையும் பிளான் ஒரே தாளில் இருப்பதில்லை. கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி வைத்த மாதிரி சுவருக்கு ஒன்று, கரண்டுக்கு ஒன்று, தண்ணீர்க் குழாய்க்கு ஒன்று. வேண்டியதைத் தெரிய வைக்கலாம், வேண்டாததை மறைக்கலாம். முதல் நாள் அவள் அந்தச் சதுரத்தை அழிக்கவில்லை, மறைத்திருந்தாள். வீட்டுக்காரர்கள் பார்க்கும் தாளில் படிக்கட்டுக்கு அடியில் வெற்றிடம். பிளம்பருக்குப் போகும் தாளில் மட்டும் அதைத் திரும்பத் தெரிய வைத்தாள். நாலு இஞ்ச் பைப், ஒரு தண்ணீர் லைன், தரையில் ஒரு வடிகால். பிளம்பர் தாளை எந்த வீட்டுக்காரரும் பிரித்துப் பார்த்ததில்லை. இன்ஜினியரும் பார்ப்பதில்லை, கையெழுத்து மட்டும் போடுவார். அன்றும் போனில் பேசிக்கொண்டே போட்டார்.

அவள் கணக்கு ஒன்றுதான். பைப் போட்டுக் கான்கிரீட்டும் கொட்டியாகிவிட்டால் யாருக்கும் உடைக்க மனசு வராது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். ஆறு வருஷத்தில் எத்தனையோ தப்புகள் அப்படித்தான் வீடுகளில் நிலைத்துப் போனதை அவள் பார்த்திருந்தாள்.

மூன்று மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை, இன்ஜினியர் அவளை சைட்டுக்கு வரச் சொல்லிப் போன் செய்தார். குரலிலேயே தெரிந்துவிட்டது.

படிக்கட்டு கட்டி முடிந்திருந்தது. அதற்கு அடியில் தரை போட்டு, அந்தத் தரையிலிருந்து நாலு இஞ்ச் பைப் ஒன்று, வாயில் சாக்குத் துணி அடைத்து, முழங்கால் உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரம்மா அதற்கு இரண்டடி தள்ளி, பாம்பைப் பார்த்தவள்போல நின்றிருந்தாள். ஒரு கையில் நாயின் வாரைப் பிடித்திருந்தாள். வெள்ளையாக, புசுபுசுவென்று இருந்த அந்த நாய் மணல் குவியலை முகர்ந்துகொண்டிருந்தது. பிளம்பர் கையைக் கட்டிக்கொண்டு சுவரோடு சுவராக நின்றான். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

“கண்ணு தெரியாதாடா உனக்கு?” என்று இன்ஜினியர் அவனிடம் கத்திக்கொண்டிருந்தார். “பிளான்ல இல்லாததை எவன் போடச் சொன்னான்? இன்னையோட உன் சங்காத்தமே வேண்டாம். டூல்ஸை எடுத்துட்டுக் கிளம்பு.”

“பேப்பர்ல இருந்துச்சு சார்.”

“எந்தப் பேப்பர்ல?”

பிளம்பர் சட்டைப் பையிலிருந்து எட்டாக மடித்த தாளை எடுத்தான். மடிப்பெல்லாம் சிமெண்ட். இன்ஜினியர் அதைப் பிரித்தார். கீழே அவருடைய கையெழுத்தே இருந்தது. அதைப் பார்த்ததும் கோபம் இன்னும் ஏறியதே தவிர இறங்கவில்லை.

“நீதானே பார்த்து போடணும்? பத்து வருஷமா வேலை பார்க்கற, ஒரு வார்த்தை கேக்க மாட்டே? வாய்ல என்ன—”

“நான்தான் போட்டேன் சார்” என்றாள் ஸ்கேல்.

எல்லாரும் திரும்பினார்கள். பிளம்பர் மட்டும் திரும்பவில்லை, தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“மறந்து விட்டுப் போச்சா?” இன்ஜினியர் கேட்டார். அது அவர் நீட்டிய ஒரு கைதான். பிடித்துக்கொண்டிருக்கலாம்.

“இல்ல சார். தெரிஞ்சுதான் போட்டேன்.”

“பார்த்தீங்களா” என்றாள் வீட்டுக்காரம்மா கணவனிடம். அப்புறம் ஸ்கேலிடம், “ஏம்மா, உன் வீடா இது? நாங்க ராப்பகலா யோசிச்சு யோசிச்சு ஒரு வீடு கட்டறோம். நீ எங்க கண்ணுல மண்ணைத் தூவிட்டு ஊருக்கெல்லாம் கக்கூஸ் கட்டற. என்ன திமிர் இருக்கணும்.”

“ஊருக்கு இல்ல மேடம். உங்க வீட்ல வேலை செய்யறவங்களுக்கு.”

“வாயை மூடு” என்றார் இன்ஜினியர்.

வீட்டுக்காரர் மட்டும் பைப்பைச் சுற்றி வந்து குனிந்து பார்த்தார். உடைத்தால் என்ன ஆகும் என்று பிளம்பரைக் கேட்டார். படிக்கட்டின் அஸ்திவாரத்தை ஒட்டிப் போகிறது, உடைத்தால் படிக்கட்டு அதிரும், வெடிப்பு விட்டாலும் விடும் என்றான் அவன். ஸ்கேல் போட்ட கணக்கு சரியாகத்தான் இருந்தது. யாருக்கும் உடைக்க மனசு வரவில்லை. கொஞ்ச நேரம் எல்லாரும் அந்தச் சாக்குத் துணியையே பார்த்தார்கள். இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றுகூட ஸ்கேல் ஒரு கணம் யோசித்துவிட்டாள்.

நாய் வாரை இழுத்துக்கொண்டு போய்ப் படிக்கட்டின் நிழலில் படுத்தது.

“ஏங்க” என்றாள் வீட்டுக்காரம்மா. குரல் மாறியிருந்தது. “இதைப் பப்பிக்கு வச்சுக்கலாமே. குளிப்பாட்டறதுக்கு, மத்ததுக்கு எல்லாம். தண்ணி லைனும் இருக்குல்ல? அது ஹால்ல போயி வைக்கறதுதான் எனக்குக் கவலையாவே இருந்துச்சு.”

“நல்ல ஐடியா மேடம்” என்றார் இன்ஜினியர் உடனே. “இப்ப மாடர்ன் வீட்ல எல்லாம் வைக்கறாங்க.”

பிளம்பருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. அவன் டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு ஸ்கேலைத் தாண்டிப் போகும்போது, “என் வயித்துல அடிக்கப் பார்த்தியேம்மா” என்று மட்டும் சொன்னான்.

இன்ஜினியர் காரில் ஏறுமுன் அவளுக்குத் தீர்ப்புச் சொன்னார். “இந்த வீடு முடியற வரைக்கும் இரு. நீ பண்ண குளறுபடியை நீயே வரைஞ்சு முடிச்சுக் குடுத்துட்டு வேற இடம் பாத்துக்கோ.”

அவள் வரைந்தாள். வழுக்காத டைல்ஸ், கைக்குழாய், தாழ்வாக ஒரு தண்ணீர்க் குழாய், காற்றுக்கு ஒரு சின்ன ஜன்னல், வெயில் காலத்துக்கு ஒரு ஃபேன். அந்தப் பிளான் முழுவதிலும் வீட்டுக்காரம்மா ஒரு திருத்தம்கூடச் சொல்லாத அறை அது ஒன்றுதான்.

குடி வந்த மறுவாரம், கட்டி முடித்த அளவுகளைக் குறித்து வர ஸ்கேல் கடைசியாகப் போனாள். பதினொரு மணி வெயில். வீடு போனில் பார்த்த படம்போலவே இருந்தது. வீட்டுக்காரம்மா வாசலில் நின்றே, “வெளியில அளந்துட்டுப் போங்க, உள்ள எல்லாம் துடைச்சு வச்சிருக்கு” என்றாள்.

அவள் டேப்பை இழுத்துக்கொண்டு சுற்றி வந்தாள். படிக்கட்டுக்கு அடியில் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு பெண் குந்தி உட்கார்ந்து டைல்ஸைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவைவிடப் பத்து வயது சின்னவள் இருப்பாள். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள், முதுகில் ரவிக்கை நனைந்து ஒட்டியிருந்தது. ஆளைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டாள். ஸ்கேல் அளந்தாள். மூன்றரைக்கு நாலரை, கால் இஞ்ச்கூடக் குறையவில்லை. கதவு வெளிப்பக்கம் திறந்தது. தாழ்ப்பாளும் வெளிப்பக்கம் இருந்தது.

“எத்தனை மணிக்கு வந்தீங்க?” என்று கேட்டாள்.

“ஏழு மணிக்கு. இது முடிச்சு உள்ள மூணு பாத்ரூம் கழுவணும். அப்புறம் இன்னொரு வீடு.”

அந்தப் பெண் தாழ்வாக இருந்த குழாயைத் திறந்து நாயின் கிண்ணத்தை நிரப்பினாள். குழாயை மூடியபோது நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டாள். உதடு வெடித்திருந்தது. ஸ்கேல் தன் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

“வேண்டாங்க” என்றாள் அந்தப் பெண். “நான் ரெண்டு மணிக்கு மேலதான் குடிப்பேன்.”

நாய் உள்ளே வந்தது. அவர்கள் இரண்டு பேரும் விலகிக்கொண்டார்கள். அது ஈரமான டைல்ஸில் மெல்ல நடந்து போய், ஃபேனுக்கு அடியில் நின்று, கிண்ணத்தில் வாயை வைத்துச் சளப் சளப்பென்று குடிக்க ஆரம்பித்தது.