மாட்டுச் சாட்சி

நான் செல்லப்பனுக்குத் தரவேண்டிய பாக்கி நாலு ரூபாய் மூணு அணா. வட்டி கிடையாது. கைமாற்றாக வாங்கியதும் இல்லை. வண்டி ஓட்டிப் போகிற வழியில் நரியையும் கருடனையும் அவன் என்னை முந்திப் பார்த்துவிட்டதால் ஏறிய கடன் அது.

பாகூரில் சுப்பராயலு பண்ணைக்கு நாங்கள் இரண்டு பேரும் பதினோரு வருஷம் வண்டிக்காரர்கள். ஒரு வண்டி முன்னால், ஒரு வண்டி பின்னால். நெல்லோ வைக்கோலோ ஏற்றிக்கொண்டு பனித்திட்டு, நல்லவாடு, பூரணாங்குப்பம் என்று கடலோர மணல் பாதையில் போனால் அரியாங்குப்பம் சேர அரை நாள் ஆகும். பாதி வழியிலேயே பேச்சு தீர்ந்துபோகும். அதற்குத்தான் செல்லப்பன் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தான்.

வழியில் காணும் உயிருக்கெல்லாம் ஒரு விலை. கீரிக்குக் காலணா. கருடனுக்கு அரையணா. நரிக்கு ஓரணா. தை மாதம் உப்பங்கழியில் வந்து நிற்கும் பூநாரைக் கூட்டத்துக்கு இரண்டணா. காக்கைக்கும் கொக்குக்கும் ஒன்றுமில்லை. முதலில் பார்த்துக் குரல் கொடுத்தவனுக்கு மற்றவன் தரவேண்டும். ஆனால் அந்த மற்றவனும் திரும்பிப் பார்த்து அதைத் தன் கண்ணால் கண்டால்தான் கணக்கு. ஒருத்தன் மட்டும் பார்த்தது செல்லாது.

இதில் சண்டையும் வந்திருக்கிறது. ஒருமுறை தாழம்புதருக்குள் நரி ஓடுகிறது என்று நான் கத்தினேன். அவன் திரும்புவதற்குள் அது மறைந்துவிட்டது.

"என் மாடு ரெண்டும் காதை வெறைச்சுக்கினு பாத்துச்சுடா. வேணும்னா கேட்டுப் பாரு" என்றேன்.

"மாட்டுச் சாட்சி செல்லாது. வுட்டா நாளைக்கு வண்டிச் சக்கரத்தையும் சாட்சிக்கு இட்டாருவ நீ" என்றான்.

ஆட்டத்திலேயே பெரிய விலை நீர்நாய்க்கு. ஐந்து ரூபாய். சின்ன வயதில் சுண்ணாம்பாற்றில் நீர்நாய் பார்த்ததாகச் செல்லப்பன் சொல்வான். குடும்பமாக நீந்தி வரும், மீனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மனிதர் மாதிரி தின்னும் என்பான். நான் நம்பவில்லை. பண்ணையில் ஒருத்தரும் நம்பவில்லை. 'நீர்நாய் செல்லப்பன்' என்றே அவனுக்குப் பேர் வைத்துவிட்டோம். அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவன் வாய்விட்டுச் சிரிப்பான். வீட்டுக்குப் போய் அவன் சிரிக்கவில்லை என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

கணக்கெல்லாம் என் வண்டியின் பக்கப் பலகையில் கத்தியால் கீறிய கோடுகள். எப்படியும் ஒருநாள் ஜெயித்துக் கழித்துவிடலாம் என்று நானும் தள்ளிக்கொண்டே வந்தேன். போன ஐப்பசியில் செல்லப்பன் பேதி கண்டு இரண்டே நாளில் போய்விட்டான். மேரி என்கிற பிரெஞ்சு நகராட்சி ஆபீசில் சாவைப் பதிய சாட்சி கேட்டார்கள். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றுக்கொண்டவன் நான். சர்க்கார் காகிதத்தில் நான் போட்ட முதல் கையெழுத்து அதுதான். அன்று திரும்பி வந்து பலகைக் கோடுகளை எண்ணினேன்.

வீட்டில் வளர்த்த ஆட்டை விற்றுப் பணத்தை எடுத்துக்கொண்டு பதினாறாம் நாள் அவன் பெண்சாதி காசம்மாளிடம் போனேன். அவள் கையை நீட்டவில்லை.

"ரெண்டு பேரும் வெளையாடினதுக்கெல்லாம் துட்டாண்ணே? பிச்சை போடணும்னா நேரா போடு. இப்டி ஒரு கதை கட்டிக்கினு வராத" என்று கதவைச் சாத்திவிட்டாள்.

அதன்பிறகு அவள் வீராம்பட்டினத்தில் அக்காள் வீட்டுக்குப் போய்க் கருவாடு விற்றாள். பொங்கல் கழிந்து ஒரு சேதி வந்தது. அக்காள் குடும்பம் மொத்தமும் காரைக்காலுக்குப் போகிறது, காசம்மாளும் கூடப் போகிறாள் என்று. நான் அரியாங்குப்பத்துக்கு வைக்கோல் பாரம் கொண்டுபோகும் நாளுக்கு மறுநாள் விடியலில் அவர்களுக்கு ரயில். அந்த ஒரு நாளில் அவள் வாங்கிக்கொள்ளாவிட்டால் அந்தக் கடனை வாங்க இந்தப் பூமியில் எனக்கு ஆள் கிடையாது.

வெள்ளி முளைத்ததும் மாட்டைப் பூட்டினேன். பணம் மடியில் முடிச்சாக இருந்தது. கிருமாம்பாக்கம் தாண்டிப் பனித்திட்டுப் பாதையில் திரும்பும்போது வெயில் ஏறியது. ஒரு பனைமரத்து மட்டையில் கருடன் உட்கார்ந்திருந்தது. வெள்ளைக் கழுத்தைச் சாய்த்து என்னைப் பார்த்தது.

"கருடன்!"

குரல் தானாக வந்துவிட்டது. பின்னால் வண்டிச் சத்தம் இல்லை. என் சக்கரம் போட்ட தடம்தான் மணலில் நீளமாகக் கிடந்தது.

நல்லவாட்டுக்கு இந்தப்பக்கம் உப்பங்கழியில் பூநாரைகள் நின்றன. நூறுக்கு மேல் இருக்கும். எல்லாம் தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்துக்கொண்டு மேய்ந்தன. வண்டியின் கிறீச் சத்தத்துக்கு ஒரு ஓரத்தில் நின்றவை எழும்பின. றெக்கைக்கு அடியில் இருக்கும் சிவப்பு அப்போதுதான் வெளியே தெரியும். அந்தச் சிவப்பைப் பார்த்தால் செல்லப்பன் வண்டியை நிறுத்தாமல் போகமாட்டான். நானும் நிறுத்தினேன். கொஞ்சம் தள்ளி ஒரு நரி, கரை ஒதுங்கிய மீனை முகர்ந்துவிட்டு என்னைச் சட்டையே செய்யாமல் நடந்து போனது. மூன்றரை அணா. ஒரு தம்பிடிகூடச் செல்லாது.

பூரணாங்குப்பத்தருகே எதிர்வண்டிக்காரன் ஒருத்தன் வழிவிட ஒதுங்கினான்.

"யார்கிட்ட பேசிக்கினு வர்றீரு, பெரியவரே? வண்டியில ஒரு ஆளையும் காணோமே?"

"மாட்டுகிட்ட."

"இன்னா சொல்லுது மாடு?"

"உன் சக்கரத்துக்கு மசகு போடச் சொல்லுது. போ."

அவன் சிரித்துக்கொண்டே போனான். பேசிக்கொண்டு வந்தேன் என்பது அவன் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது.

உச்சி வேளைக்கு நோணாங்குப்பத்துக்குக் கீழே சுண்ணாம்பாற்றுக் கரைக்கு வந்தேன். பூவரசு நிழலில் மாட்டை அவிழ்த்துக் கட்டி, வைக்கோல் போட்டுவிட்டுத் தூக்குச்சட்டியைத் திறந்தேன். கூழில் கை வைக்கும்போது ஆற்றில் ஒரு சீழ்க்கை கேட்டது. குருவியா என்று பார்த்தேன். தண்ணீரில் ஒரு தலை எழும்பியது. தட்டையான தலை, பூனை மீசை. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு சின்னதாக இரண்டு. பெரியது சேற்றுத் திட்டில் ஏறிக் குந்தியது. முன்னங்கால் இரண்டிலும் ஒரு மடவை மீன் துடித்துக்கொண்டிருந்தது. தலையிலிருந்து நறுக்நறுக்கென்று கடித்துத் தின்றது. குட்டி ஒன்று பங்கு கேட்டுச் சீழ்க்கை அடித்தது.

மீனைக் கையால்தான் பிடித்திருந்தது.

"நீர்நாய்! டேய் செல்லப்பா, நீர்நாய்டா!"

நான் எழுந்து கத்திய கத்தலில் நாலும் தண்ணீருக்குள் போய்விட்டன. கரையின் இரண்டு பக்கமும் ஓடிப்பார்த்தேன். ஒரு ஆள் இல்லை. ஆற்றின் முகத்துவாரத்துக்கிட்டே ஒரு தோணி போனது. அவ்வளவு தூரத்திலிருந்து என்ன தெரியும்? பூவரசடியில் என் மாடுகள் இரண்டும் காதை விறைத்துக்கொண்டு தண்ணீரையே பார்த்து நின்றன.

பதினோரு வருஷம் அவனைப் புளுகன் என்றோம். 'தப்பு என்மேலடா' என்று நான் சொல்ல வேண்டியதும் அவனிடம்தான், 'நானும் பாத்தேன்' என்று சொல்ல வேண்டியவனும் அவன்தான். கூழை மீனுக்குக் கொட்டிவிட்டு வண்டியைப் பூட்டினேன்.

பாரத்தை இறக்கிவிட்டு வீராம்பட்டினம் போய்ச் சேர வெயில் சாய்ந்துவிட்டது. காசம்மாள் வாசலில் கருவாட்டுக் கூடையைச் சாக்கில் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாண்ணே, இவ்ளோ தூரம்? மறுபடியும் அந்தத் துட்டா?"

"துட்டு இருக்கட்டும். நான் இன்னிக்கு நீர்நாய் பாத்தேன், காசம்மா."

ஊசி நின்றது. "எங்க?"

"சுண்ணாம்பாத்துல. நாலு. பெருசு ரெண்டு, குட்டி ரெண்டு. மீனைக் கையில புடிச்சுத் துன்னுது. அவன் சொன்ன மாதிரியே."

அவள் ஊசியைச் சாக்கிலேயே குத்தி வைத்தாள். பிறகு, "நீங்க வெச்ச பேரு அதுக்குப் புடிக்கல தெரியுமா? ராவெல்லாம் பொலம்பும். நான் பாத்தது நெசம்டி, நெசம்டின்னு" என்றாள்.

"நெசம்தான். நான்தான் பாவி."

"நீர்நாய்க்கு இன்னா வெலை போட்டிருந்தீங்க?"

"அஞ்சு ரூபா. இது கணக்குல ஏறியிருந்தா என் கடன் தீந்து, அவன் எனக்குப் பதிமூணு அணா தரணும்."

அவள் முகத்தில் ஒரு சிரிப்பு ஓடியது. அவன் செத்தபிறகு அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

"கூட யாராச்சும் பாத்தாங்களா?"

"யாருமில்ல. மாடு ரெண்டும் பாத்துச்சு."

"மாட்டுச் சாட்சி செல்லாது" என்றாள் உடனே. அதே ராகம். செல்லப்பன் வீட்டில் எத்தனை தரம் சொல்லியிருப்பானோ.

"நீ சொன்னது எனக்குப் போதும்ணே. ஆட்டத்துக்குப் போதாது. அது ஜெயிச்சது ஜெயிச்சதுதான்." சாக்குத் தூசியைத் தட்டிவிட்டுக் கையை நீட்டினாள். "குடு."

மடி முடிச்சு இறுகிப்போயிருந்தது. பல்லால் அவிழ்க்க வேண்டியிருந்தது. நாலு ரூபாய், மூணு அணா. அவள் எண்ணிப் பார்த்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"கோடு எங்க போட்டிருக்கு?"

பலகையைக் காட்டினேன். பதினோரு வருஷத்துக் கீறல். மழையிலும் எண்ணெயிலும் கறுத்துப்போயிருந்தது. அவள் கோடுகள்மேல் விரலை ஓட்டினாள். அப்புறம் மீன் அறுக்கிற கத்தியை எடுத்துவந்து, முதல் கோட்டிலிருந்து கடைசிக் கோடு வரைக்கும் குறுக்கே அழுத்தி ஒரே இழுப்பாக இழுத்தாள்.