குடை நரியின் பாட்டு

நீலாவதி அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். யார் கேட்டார்கள் அவளை? அம்பாங்கானில் கண்ணம்மை ஆச்சி நடத்தும் பாலர் பள்ளியில், ஆண்டுவிழாவுக்குப் பிள்ளைகளை எந்தப் பாட்டுக்கு ஆடவிடலாம் என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஆச்சிதான் ஆரம்பித்தார்.

"என் தம்பி சொக்கப்பனுக்கு அந்தக் கொடை பிடிச்ச நரி கார்ட்டூன்னா உசுரு. சின்னப் பிள்ளைல டிவியில பார்த்தது. இப்ப அதோட பேரும் ஞாபகமில்லை, பாட்டும் ஞாபகமில்லைங்கிறான். யாரைக் கேட்டாலும் உதட்டைப் பிதுக்குறாங்க."

"எனக்குத் தெரியும் ஆச்சி," என்றாள் நீலாவதி. "எங்க வீட்டு டிவியில தவறாமப் பார்ப்பேன். பாட்டுகூட அப்படியே ஞாபகமிருக்கு."

எங்கள் வீட்டு டிவியாம்! பெடாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், பால்மரம் வெட்டும் அவள் அம்மா மயிலம்மாளுக்குக் கூலிக்காரர் லயத்தில் கிடைத்த வரிசைவீட்டில் ஒரு ரேடியோ பெட்டிக்கே வழியில்லை. ஆனால் பொய் புதிதில்லை. வேலை கேட்டு வந்த அன்றைக்கே ஆச்சி, "லயத்துப் பிள்ளைகளை நான் எடுக்கிறதில்லைம்மா, அவங்களுக்குப் பேச்சே திருந்தாது" என்று சொல்லப்போக, இவள் பதறிப்போய், "எங்கப்பா தோட்டத்துக் கிராணி ஆச்சி" என்று சொல்லிவிட்டாள். ஆபீஸில் பேனா பிடிக்கிற கிராணி! மனுஷன் சாகும்வரை பால் வாளியைத்தான் பிடித்தார்.

ஒரு பொய் சொன்னால் அதற்குக் காவலிருக்க வேண்டியிருக்கிறது. பெற்ற தாய், "ஒன் ஸ்கூல ஒரு தடவ பார்த்துட்டு வாறேன் ஆயி" என்று ஆசையாய்க் கேட்டபோதெல்லாம், "அங்கெல்லாம் யாரையும் விடமாட்டாங்கம்மா" என்று தட்டிக்கழித்தாள். இப்போது கோலா கிளாவாங்கில் ஆச்சி புதிதாய் ஒரு பாலர் பள்ளி திறக்கப்போகிறார். அதற்குத் தலைமை ஆசிரியை நீலாவதிதான் என்று பாதி முடிவாகிவிட்டது. உண்மை வெளியே வந்தால் அதுவும் போச்சு, இருக்கிற வேலையும் போச்சு.

பாட்டு ஞாபகமிருந்தது மட்டும் சத்தியமான உண்மை. கண்ணை மூடினால் போதும், நரி குடையைச் சுழற்றும், மெட்டு தானாக வாயில் வரும். படி ஏறுவதுபோல் மேலே மேலே போய், உச்சியில் ரெண்டு கைதட்டு, அப்புறம் சடசடவென்று கீழே இறங்கும். சொல் எதுவும் நினைவில்லை. அதனால் என்ன, வெறும் 'லல்லல்லா'வாகவே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அட்டையில் குடையெல்லாம் செய்து, வால் தைத்து, கொஞ்ச நஞ்சப் பாடா பட்டாள்!

விழா அன்று மண்டபம் நிறைந்திருந்தது. பிள்ளைகள் வாலை ஆட்டிக்கொண்டு பாட, பெற்றோரெல்லாம் வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் சொக்கப்பன் மட்டும் நெற்றியைச் சுருக்கினான்.

"அக்கா, இது அந்தப் பாட்டே இல்லை. அதுல பாட்டே கிடையாது. வெறும் ஊதுகுழல்தான் வரும். இப்பத்தான் எனக்கு ஞாபகம் வருது."

ஆச்சி நீலாவதியைத் திரும்பிப் பார்த்தார். அதற்குள் பின்வரிசையில் ஒரு ஆள் எழுந்து நின்றான். கைதட்டு வரும் இடத்தில் சரியாகக் கை தட்டினான். சும்மா தட்டிவிட்டு உட்கார்ந்தானா? மண்டபமே அதிரப் பாடினான்.

"நரியாரே நரியாரே, கொடய விரிங்க! கிராணியம்மா கிராணியம்மா, கண்ணாடியத் தெறங்க!"

சனம் குபீரென்று சிரித்தது. நீலாவதிக்கு மறந்துபோன மிச்சமெல்லாம் அந்த ஒரு வரியில் வந்து நின்றது.

தோட்டத்தில் டிவி இருந்தது கிராணி வீட்டில் மட்டும்தான். சாயங்காலமானால் லயத்துப் பிள்ளைகள் அவர் வீட்டுச் சன்னலில் போய்க் கூடுவார்கள். கிராணியம்மா, "கொசு வருது, போங்க" என்று கண்ணாடியைச் சாத்திவிடுவார். படம் தெரியும், சத்தம் கேட்காது. நரி ஊமையாகவே குதிக்கும். அப்போதுதான் அவர்களில் பெரியவனான சன்னாசி ஒரு மெட்டைக் கட்டினான். எட்டாத நீலாவதியைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு அவன் பாட, எல்லோரும் சேர்ந்து கத்துவார்கள். அந்தக் கார்ட்டூனின் அசல் இசையை அவர்களில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. வருஷம் போகப்போக, சாத்திய கண்ணாடியை வசதியாக மறந்துவிட்டு, மெட்டு டிவியில் இருந்தே வந்ததாக அவள் நம்பிவிட்டாள்.

ஆட்டம் முடிந்ததும் அந்த ஆள் மகளைத் தேடி மேடைப் பக்கம் வந்தான். செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்காரன், சட்டையிலேயே தெரிந்தது. நிஷாந்தினியின் அப்பா. பிள்ளையைத் தினமும் தாய்தான் கொண்டுவந்து விடுவாள், அதனால் இவள் பார்த்ததில்லை.

"ஏய், நீலா! மயிலம்மாக்கா மவதானே நீ? நான்தான் சன்னாசி லா! பாட்ட இன்னும் மறக்கலியா நீ?" முகமெல்லாம் சிரிப்பு அவனுக்கு.

பக்கத்திலேயே ஆச்சி. "யாரு நீலா இவரு? உங்கப்பா கிராணியா இருந்த தோட்டத்து ஆளா?"

"தெரியலை ஆச்சி," என்றாள். குரல்கூட நடுங்கவில்லை, பாவி. "ஆள் மாத்திச் சொல்றாரு."

"அப்ப இந்தப் பாட்டு இவருக்கு எப்படித் தெரியும்?" சொக்கப்பன் விடுவதாயில்லை.

சன்னாசியின் சிரிப்பு நின்றது. அவள் முகத்தைப் பார்த்தான், ஆச்சியைப் பார்த்தான். புரிந்துகொண்டான். மறுபடி பேசியபோது அவன் குரலே வேறாக இருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். மொகச்சாயல்ல ஏமாந்துட்டேன்." பிறகு ஆச்சியிடம் திரும்பினான். "இவங்க எங்க கிராணி ஐயா மவளா இருக்கும்மா. நாங்க லயத்துப் பசங்க. இவங்க வீட்டுச் சன்னலுக்கு வெளிய நின்னுதான் படம் பார்ப்போம். கண்ணாடி சாத்தியிருக்கும், ஒண்ணும் கேக்காது. அதான் நாங்களா ஒரு பாட்டு கட்டிக்கிட்டோம். அத டீச்சர் உள்ளாற இருந்து கேட்டிருப்பாங்க. பெரிய வீட்டுப் பிள்ளைக்கு எங்கள எங்க தெரியப்போவுது?"

ஆச்சிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "அதானே பார்த்தேன்! லயத்துப் பசங்க கத்தினதைக்கூட இத்தனை நாள் ஞாபகம் வச்சிருக்கியே நீலா. அடுத்த மாசம் கோலா கிளாவாங்குக்கு நீதான். எனக்குப் பேச்சு ஒண்ணுதான்." சொல்லிவிட்டு விருந்தாளிகளைப் பார்க்கப் போய்விட்டார். சொக்கப்பனும் பின்னாலேயே போனான்.

கேட்டது கிடைத்துவிட்டது. நீலாவதிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள், திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள். தோளில் தூக்கி வைத்தவன் அவளைக் காப்பாற்ற, இத்தனை பேர் நடுவில் தன்னைத் தானே தாழ்த்திக்கொண்டு நிற்கிறான். அவன் செருப்பைப் பார்த்தபடி நின்றாள்.

சன்னாசி "போலாம் பாப்பா" என்று மகளின் கையைப் பிடித்தான். நிஷாந்தினி நகரவில்லை. நரி வாலும் கையுமாக டீச்சரை அண்ணாந்து பார்த்தாள்.

"டீச்சர், எங்கப்பா வெளியவே நின்னாங்களா?"

"ம்."

"அப்ப நீங்க ஏன் டீச்சர் அவங்கள உள்ள கூப்புடல?"